பிரஜையும் குடிமகனும்: சிங்கப்பூரில் வாக்குரிமை விரிந்த கதை, 1948 – 1959

வாக்குரிமையின் வரலாற்றை வகுப்பறையில் சொல்லும்போது பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து தொடங்குகிறோம். முதலில் நிலமுடையோர் வாக்களித்தனர். பின்னர் வீட்டுவரி செலுத்தியோர், அதன்பின் தொழிலாளர், கடைசியாகப் பெண்கள். ஏணிப்படிகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அந்தக் கதை மாணவர் மனத்தில் எளிதாகப் பதிந்துவிடுகிறது. அதே ஏணியைச் சிங்கப்பூரின் மீது சாய்த்து வைக்கும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. 1948ஆம் ஆண்டு இங்கே முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது வாக்காளருக்குச் சொத்து வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. பெண்களுக்குத் தனித் தடையும் இல்லை. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கலாம். ஆயினும் ஒன்பது இலட்சத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இத்தீவில் வாக்காளர் பதிவேட்டில் இடம்பெற்றோர் ஏறக்குறைய 23,000 பேர் மட்டுமே. ஏன் என்ற கேள்வியிலிருந்து இவ்வுரை தொடங்குகிறது.

அதற்கு முன்பும் வாக்கு என்ற ஒன்று இவ்வூரில் இருந்தது என்பதைச் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்காலத்திலேயே, 1856ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வரி செலுத்துவோர் நகராண்மைக் கழக உறுப்பினர் சிலரைத் தேர்ந்தெடுத்தனர். ஆர்வம் குன்றிக் குன்றி, 1913ஆம் ஆண்டு வந்த நகராண்மைச் சட்டம் அந்தத் தேர்தலையே ஒழித்துவிட்டது. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. ஒருமுறை கிடைத்த வாக்குரிமை மேலும் விரிந்துகொண்டேதான் செல்லும் என்று நம்புவோர் இந்த 1913ஆம் ஆண்டைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நன்று. சட்டமன்றமோ, 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இலண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்த நாள்தொட்டு, ஆளுநர் நியமித்தோரின் அவையாகவே இருந்தது. 1920களில் ஐரோப்பிய வர்த்தகச் சங்கங்கள் தம் உறுப்பினரைத் தாமே முன்மொழியும் சலுகையைப் பெற்றன. பொதுமக்கள் என்று எவரும் அக்கணக்கில் இல்லை.

ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஆங்கிலேயர் மீண்டும் வந்தபோது, பழைய முறையிலேயே ஆள முடியாது என்பதை அவர்களே உணர்ந்திருந்தனர். 1948ஆம் ஆண்டுச் சட்டமன்றத்தில் 22 இடங்கள். அவற்றுள் ஆறு இடங்களுக்கு மட்டுமே மக்கள் வாக்களித்தனர். ஆளுநரின் அதிகாரிகளும் அவர் நியமித்தவர்களும் பதின்மூவர். மீதி மூன்று இடங்களை ஐரோப்பிய, சீன, இந்திய வர்த்தகச் சங்கங்கள் ஆளுக்கு ஒன்றாகப் பெற்றன. சங்கத்தில் உறுப்பினராக இருந்த வணிகர், தம் தொகுதியில் ஒரு முறையும் சங்கத்தில் ஒரு முறையும் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. சொத்துத் தகுதி இல்லை என்று சற்றுமுன் கூறினேன். அது முன்வாசலைப் பற்றிய செய்தி. செல்வத்திற்கென்று பக்கவாசல் ஒன்று திறந்தே இருந்தது. 1955இல்தான் அது மூடப்பட்டது.

முன்வாசலில் நின்ற காவலாளி கேட்ட கேள்வி வேறு: நீ பிரிட்டிஷ் பிரஜையா?

பிரஜை என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். இன்று குடிமகன் என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. பிரஜை என்பவர் ஓர் அரசருக்கு உட்பட்டவர். அவர் எந்த நாட்டில் வாழ்கிறார், எந்த நாட்டை நேசிக்கிறார் என்பதெல்லாம் சட்டத்திற்குப் பொருட்டல்ல. பிரிட்டிஷ் மன்னருக்குரிய மண்ணில் பிறந்தாரா என்பதே கேள்வி. சிங்கப்பூரில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. பினாங்கில் பிறந்தவரும், சென்னை மாகாணத்தில் பிறந்தவரும் அவ்வாறே. சீனாவில் பிறந்து, பத்து வயதில் இங்கு வந்து, நாற்பது ஆண்டுகள் இங்கேயே உழைத்து, பிள்ளைகளையும் பேரர்களையும் இங்கேயே பெற்று வளர்த்தவர் அயலார். அவருக்கு வாக்கில்லை. மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கிற்கு மேல் சீனர் இருந்த ஊரில், முதியோரில் பெரும்பகுதியினர் இவ்வாறு வாசலிலேயே நின்றுவிட்டனர்.

நம்மவர் நிலை இன்னும் வியப்புக்குரியது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இங்கு வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அவர் மன்னரின் பிரஜை. பதிவு செய்துகொண்டால் வாக்களிக்கலாம். அதே கப்பலில் உடன் வந்த காரைக்கால்காரர் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தவர், அவருக்கு வாக்கில்லை. நாகப்பட்டினத்திற்கும் காரைக்காலுக்கும் இடையே ஒரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தூரம்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்காரரின் நிலை மேலும் சிக்கலானது. மன்னராட்சி நடந்த சமஸ்தானங்களில் பிறந்தோர் பிரிட்டிஷ் பிரஜைகள் அல்லர். பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டோர் என்ற வேறு வகையினர். புதுக்கோட்டை இந்திய ஒன்றியத்தில் இணைந்தது 1948 மார்ச்சில்தான். சிங்கப்பூரின் முதல் பொதுத்தேர்தலும் அதே மாதம் 20ஆம் நாள் நடந்தது. வாக்காளர் பதிவோ அதற்கு முன்பே நடந்துவிட்டது. தஞ்சைக்காரர், காரைக்கால்காரர், புதுக்கோட்டைக்காரர் மூவரும் ஒரே தெருவில், ஒரே கூலிக்கு, ஒரே மொழி பேசி வாழ்ந்தவர்களாக இருந்திருக்கலாம். சட்டம் அவர்களிடம் கேட்டது தாயின் பேற்றறை எங்கிருந்தது என்பதை மட்டுமே.

இதன் விளைவு ஒன்றை நம் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துச் சொல்வதில்லை. 1948ஆம் ஆண்டுப் பதிவேட்டில் இருந்த ஏறக்குறைய 23,000 பேரில் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் இந்தியர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஏழு அல்லது எட்டுப் பேராக இருந்த ஒரு சமூகம் வாக்காளர் பதிவேட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பிறப்பு அளித்த தகுதி இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், பதிவு என்பது தாமாக முன்வந்து செய்யவேண்டிய ஒன்றாக இருந்தது. தகுதி பெற்றோர் இரண்டு இலட்சத்திற்கும் மேல் இருந்தபோதும், பதிவு செய்யச் சென்றவர் மிகச் சிலர். இந்திய தேசிய இராணுவத்தின் நாள்களில் கூட்டம், ஊர்வலம், உறுப்பினர் சீட்டு ஆகியவற்றில் பழகியிருந்த இந்தியர், ஓர் அலுவலகத்திற்குச் சென்று பெயரைப் பதிவு செய்துகொள்வதில் தயக்கம் குறைந்தவராக இருந்தனர் என்று கருதுகிறேன். தேர்வு பெற்ற அறுவரில் ஒருவரான வழக்கறிஞர் எஸ். சி. கோஹோ, ஜப்பானியர் காலத்தில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளைக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மக்களாட்சியை உண்மையாக வேண்டியோரில் ஒரு பகுதியினர் அத்தேர்தலில் பங்கேற்கவே இல்லை. மலாயா ஜனநாயக ஒன்றியம், 22இல் ஆறு இடம் என்பது கண்துடைப்பு என்று கூறித் தேர்தலைப் புறக்கணித்தது. அதே ஆண்டு ஜூனில் அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது அவ்வமைப்பு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. புறக்கணித்தது சரியா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் சுட்டிக்காட்டிய குறை உண்மையானது. ஆனால் புறக்கணித்ததால் அக்குறை தீரவில்லை என்பதும் உண்மை. களம் முற்போக்குக் கட்சியின் ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர்களுக்கு உரியதாயிற்று.

1951 ஏப்ரல் தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் ஒன்பதாயின. பதிவு பெற்ற வாக்காளர் ஏறக்குறைய 48,000 பேர். அத்தேர்தலில் செலேத்தார் தொகுதியில் விலாசினி மேனன் வெற்றி பெற்றார். தேர்தலில் வென்று சிங்கப்பூர்ச் சட்டமன்றத்திற்குள் நுழைந்த முதல் பெண்மணி அவரே. அடுத்த ஆண்டிலேயே அவர் பதவி விலகினார் என்பதால் அவர் பெயர் பலருக்கும் நினைவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை போராட்டமின்றிக் கிடைத்த நாடு இது என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. கிடைத்தது உண்மை. ஆனால் வாக்குச் சீட்டைக் கையில் பெற்ற பெண்ணின் கணவர் இரண்டாம், மூன்றாம் மனைவியை மணப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டம் எதுவும் அப்போது இல்லை. அத்தகைய மகளிர் சாசனம் 1961இல்தான் நிறைவேறியது. சான் சோய் சியோங் முதலிய பெண் உறுப்பினர்கள் அவைக்குள் சென்று வாதாடிய பின்னரே அது கைகூடிற்று.

இனி இக்கதையின் திருப்பத்திற்கு வருவோம். சர் ஜார்ஜ் ரெண்டல் தலைமையில் அமைந்த குழு 1954இல் தந்த பரிந்துரைகளில், 32 பேர் கொண்ட அவையில் 25 பேரை மக்கள் தேர்ந்தெடுப்பர் என்பதையே எல்லாரும் முதலில் குறிப்பிடுவர். என் மதிப்பீட்டில் அதற்கு ஈடான முக்கியத்துவம் வாய்ந்தது, பார்வைக்கு எழுத்தர் வேலையைப் போலத் தோன்றும் மற்றொரு மாற்றம்: தகுதியுடையோர் பெயரை அரசாங்கமே பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும் என்பது. அலுவலகத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. படிவம் நிரப்ப வேண்டியதில்லை. சட்டத்தில் ஒரு புதிய வகையினருக்கு உரிமை வழங்கப்படாமலே, 48,000ஆக இருந்த எண்ணிக்கை 1955 ஏப்ரல் தேர்தலில் மூன்று இலட்சமாயிற்று. இங்கே பிறந்து, சீனப்பள்ளிகளில் கற்று, பேருந்து நிறுவனங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த இளைஞர்களின் பெயர்கள் முதன்முறையாக அச்சேறின. பதிவேட்டில் இந்தியரின் பங்கு ஒரே பாய்ச்சலில் சுருங்கியது. வாக்களிக்க வந்தவர் பாதிக்குச் சற்று மேல்தான். எனினும் முற்போக்குக் கட்சி நான்கு இடங்களோடு நின்றது. டேவிட் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி பத்து இடங்களை வென்றது. இருபத்திரண்டு வயதே ஆன லிம் சின் சியோங் புக்கிட் தீமாவிலிருந்து அவைக்குச் சென்றார்.

சென்றவர்கள் எந்த மொழியில் பேசுவது? ஆங்கிலத்தில் மட்டுமே என்பது ரெண்டல் குழுவின் முடிவு. தமிழில் வாக்கு என்பதற்குச் சொல் என்றும் பொருளுண்டு. மூன்று இலட்சம் பேரின் வாக்கைப் பெற்று உள்ளே செல்பவர், அம்மக்களில் பெரும்பாலோர் அறியாத மொழியில்தான் தம் வாக்கைச் சொல்ல வேண்டும் என்ற நிலை நெடுநாள் நீடிக்க முடியாது. சீன வர்த்தகச் சங்கம் இதை எதிர்த்தது. 1956இல் சட்டமன்றம் ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய நான்கும் அவையின் விவாத மொழிகளாதல் வேண்டும் என்று தீர்மானித்தது. மொழி மன்றத்தின் மேடையில் நின்று பேசுவதால் இதைச் சிறப்பித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்று நான்கு ஆட்சிமொழிகள் என்பதை ஏதோ பெருந்தன்மையின் விளைவு போலப் பேசுகிறோம். வாக்காளர் பதிவேடு விரிந்த அந்த ஓராண்டுக்குள் நான்கு மொழிகளும் அவையின் வாசலைத் தட்டின என்ற கால ஒழுங்கை நாம் கவனிப்பதில்லை.

சீனாவில் பிறந்தோர் இரண்டு இலட்சத்து இருபதாயிரம் பேர் 1955இலும் வாசலுக்கு வெளியேதான் நின்றனர். சீன வர்த்தகச் சங்கம் 1951 முதலே இவர்களுக்காகக் குரல் கொடுத்து வந்தது. ஆங்கிலேய அரசின் தயக்கத்திற்கும் காரணம் இருந்தது. சீனாவில் பொதுவுடைமை ஆட்சி ஏற்பட்டிருந்தது. மலாயாக் காடுகளில் போர் நடந்துகொண்டிருந்தது. அயல்நாட்டில் பிறந்தவர் உள்ளம் எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவது? மார்ஷல் தொடங்கிய முயற்சி, அவர் பதவி விலகிய பின் லிம் இயூ ஹொக் அரசில் நிறைவேறியது. 1957ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் பிறப்பிடம் என்ற ஒரே வாசலை உடைத்தது. சிங்கப்பூரிலோ மலாயாக் கூட்டரசிலோ பிறந்தோர் ஒரு வழியில் குடிமக்களாயினர். பிரிட்டிஷ் பிரஜைகளுக்குக் குறுகிய காலக் குடியிருப்பு போதுமானதாயிற்று. மற்றவர், பல்லாண்டுகள் இங்கு வாழ்ந்தவராக இருந்து, இந்நாட்டிற்கு உண்மையாக இருப்பதாக உறுதி கூறினால் குடிமக்களாகலாம். எங்கே பிறந்தாய் என்ற கேள்வி, எங்கே வாழ்கிறாய், யாருக்கு உண்மையாக இருப்பாய் என்று மாறியது. அவ்வாண்டு நவம்பரில் பதிவு தொடங்கியபோது, தலைநரைத்த ரிக்‌ஷாக்காரரும் சில்லறைக் கடைக்காரரும் பெயர் கொடுக்க முன்வந்தனர்.

இவ்விடத்தில் இந்தியரின் கதை தலைகீழாகத் திரும்புகிறது. இந்தியா 1947இல் விடுதலை பெற்று 1950இல் குடியரசான பின்னும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்தியக் குடிமக்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளாகவே கருதப்பட்டனர். ஆகவே 1951இலும் 1955இலும் அவர்கள் எந்த முடிவும் எடுக்காமலே வாக்களித்தனர். வாக்குரிமை, ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பைப் போல, கூடவே வந்தது. 1957க்குப் பின் அது செல்லாது. இனி வாக்களிப்போர் சிங்கப்பூர்க் குடிமக்களே. குடிமகனாக வேண்டுமாயின் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாக்குரிமையை விரிவாக்கிய அதே சட்டம், அதுவரை வாக்களித்து வந்த ஒரு பகுதியினரிடம் நீ யார் என்று கேட்டது. பதில் சொல்லாதவரின் பெயர் நீங்கிற்று.

பதில் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அன்றைய தமிழ்த் தொழிலாளரில் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்தவர்கள். மாதந்தோறும் பணம் அனுப்பினர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘ரஜூலா’ கப்பலில் ஊர் சென்று திரும்பினர். கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் ஓய்வு பெறும் வயதுவரை உழைத்துவிட்டு ஊரில் கண்ணை மூடுவதே அவர்கள் கணக்கு. இந்நாட்டின் குடிமகனாகப் பதிந்துகொண்டால் ஊரில் உள்ள காணி நிலம் என்னாகும், திரும்பிப் போக விடுவார்களா, வயதான தாய்க்குக் கொள்ளி வைக்க முடியுமா என்றெல்லாம் அவர்கள் அஞ்சியதை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி இந்த அச்சத்தை எதிர்த்து நின்றார். இங்கேயே வாழ்கின்ற தமிழர் இந்நாட்டின் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் தம் நாளிதழில் இடைவிடாது வற்புறுத்தினார். பதிவு செய்துகொள்ளவும் உதவினார். தமிழர் திருநாளைத் தொடங்கியவர், தமிழ்க் கல்விக்குப் பாடுபட்டவர் என்றே அவரை நினைவுகூர்கிறோம். அவர் ஆற்றிய பணிகளுள் இதையே முதலில் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். வாக்கில்லாத சமூகத்தின் மொழிக்கு அவையில் இடம் கேட்பவர் யார்?

கட்டாய வாக்களிப்பும் இக்காலத்தில்தான் வந்தது. 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தல்களில், வாக்காளரை வாகனங்களில் ஏற்றிவருவதும் இரகசியச் சங்கத்தார் மிரட்டுவதும் பெரும் புகாராக எழுந்தன. இதை ஆராய அமைந்த விசாரணைக் குழு, எல்லாரும் வாக்களித்தே ஆகவேண்டும் என்றால் ஆளைப் பிடித்து வரும் தொழிலுக்கு வேலையிருக்காது என்ற முடிவுக்கு வந்தது. வாக்களிப்பதைக் கடமையாக்கியது பற்றி உயர்ந்த தத்துவங்கள் பல பின்னாளில் சொல்லப்பட்டன. தொடக்கம் என்னவோ குண்டர்களைப் பற்றியது.

1959 மே 30ஆம் நாள் 51 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. பதிவு பெற்றோர் ஏறக்குறைய 5,86,000 பேர். வாக்களித்தோர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். பதினொரு ஆண்டுகளில் வாக்காளர் எண்ணிக்கை இருபத்தைந்து மடங்காயிற்று. மக்கள் செயல் கட்சி 43 இடங்களைக் கைப்பற்றியது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள், 23,000, 48,000, 3,00,000, 5,86,000 என்று ஏறுவரிசையில் எழுதிவிட்டு நிறுத்தாமல், ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் அந்த ஆண்டு வாசலில் கேட்கப்பட்ட கேள்வியையும் எழுதிக் காட்டலாம். 1948இல் பதிவேட்டில் இருந்து 1959இல் இல்லாமற்போன ஒருவரைப் பற்றி மாணவர் ஒருவராவது கேட்பார்.

அந்தக் கேள்வி 1959உடன் முடியவுமில்லை. மலேசியா அமைவதற்கான பேச்சுகளில், இணைப்புக்குப் பின் சிங்கப்பூர்க் குடிமகன் என்ன வகைக் குடிமகன் என்பதே கடும் சர்ச்சையாயிற்று. 1962 செப்டம்பர் 1ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் இணைப்புக்கு மூன்று வகைகள் தரப்பட்டன. வேண்டாம் என்று சொல்வதற்கு இடம் தரப்படவில்லை. வாக்குச் சீட்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வெறுமையாகப் போடப்பட்டது. மறு ஆண்டு மலேசியா பிறந்தபோது சிங்கப்பூரர் அனைவரும் மலேசியக் குடிமக்களாயினர். ஆனால் அவர்கள் சிங்கப்பூரில் மட்டுமே வாக்களிக்கலாம். தீபகற்பத்தின் மலேசியர் சிங்கப்பூரில் வாக்களிக்க முடியாது. பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவில் வேலை பார்த்து அங்கேயே குடியிருந்த சிங்கப்பூரர், ஒரே நாட்டிற்குள் வாழ்ந்தும், தம் வீட்டு வாசலில் நடக்கும் தேர்தலை வேடிக்கை பார்க்க வேண்டியவரானார்.